தொட்டால் கன்றும் உடம்பு

ஜூன் 3, செவ்வாய்

டெல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆய்வு என் தலைமையில். ரத்தப் புற்று வந்த நம் பிள்ளைகளில் பலர் நோயால் சாகவில்லை, முதல் மாதத்து மருந்தின் உக்கிரம் தாங்காமல் சாகிறார்கள் என்று வருடக்கணக்காக ஒரே பல்லவியைப் பாடிவருகிறேன். நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளைக்குப் போட்ட அளவைக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைக்கும் அப்படியே ஏற்றினால் தாங்குமா? முதல் மாதம் மெதுவாகத் தொடங்குவோம், உடம்பு தேறியபின் முழு வீரியத்துக்குப் போவோம் என்றேன். கருத்தரங்குகளில் சிரித்தார்கள். சிரித்தவர்களே இப்போது செய்து காட்டு என்கிறார்கள். காட்டுகிறேன்.

வீட்டில் சொன்னேன். “அப்போ இனிமே சோறும் ஆஸ்பத்திரியிலதான் பொங்குவியோ” என்றார் என் வீட்டுக்காரர் எட்வின். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது. சட்டி உடைந்தது. சனிக்கிழமை புது மண்சட்டி வாங்கிப் பழக்க வேண்டும்.

இடது கையில் கதவு இடித்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

துறைக் கூட்டம். திரையில் எதையோ சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினேன், கோட்டின் கை சரிந்தது. எங்கள் துறைத் தலைவர் சங்கரலிங்கம் சார் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் யாரும் யாரோடும் சண்டை போடக்கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. காலையில் எட்வினோடுதான் நடைப்பயிற்சி.

“என்னம்மா ஹெலன், இவ்வளவு பெரிய ரத்தக்கட்டு?”

அறையே திரும்பிப் பார்த்தது. கதவு இடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். முழங்கைக்கு மேலே, உட்பக்கம், நாலு விரல் அகலத்தில் எந்தக் கதவு இடிக்கும்? “பிளேட்லெட் கொஞ்சம் கம்மி சார். ரொம்ப நாளாவே இருக்கு. சும்மா தொட்டாலே கன்னிப்போகும்” என்றேன்.

அப்படியே நம்பினார்கள். ரத்தம் உறைவதற்கான அணுக்கள் குறைந்தால் அடிபடாமலே உடம்பு நீலம் பாரிக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் நான் கற்றுக்கொடுத்த பாடம். ரத்த மருத்துவரே தன் ரத்தம் சரியில்லை என்றால் யார் மறுத்துப் பேசுவது? இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருப்பேன்.

ஜூன் 6, வெள்ளி

எட்வினிடம் சொன்னேன், யாராவது கேட்டால் முரணாகச் சொல்லிவிடக் கூடாதே என்று. சிரித்தார். “நல்ல ஐடியாதான்” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் என் பெயரைச் சொல்லி, என் ரத்தத்தில் உள்ள குறைவை நிறைவாக்க வேண்டுமென்று ஜெபித்தார். எட்வின் சொல்லியிருக்கிறார். அவரோ பாடகர் குழுவில் நின்று கனத்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல், அதை மறுக்க முடியாது. அந்தக் குரலுக்குத்தான் அன்று நானும் விழுந்தேன்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “எட்வின் அண்ணன் மாதிரி ஒருத்தர் கூட இருக்கும்போது ஒங்களுக்கு என்னக்கா கவலை? நேத்து அவுக சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்துட்டு.” யாருடைய கண்ணில் என்று நான் கேட்கவில்லை. எரிச்சல் தலைக்கு ஏறியது. மதியம் கோழிக் குழம்பு வைத்தேன். புளி சேர்க்காத குழம்பு.

ஜூன் 12, வியாழன்

ஒரே ஆம்புலன்ஸில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். இசக்கி என்ற எட்டு வயதுப் பெண், மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அவளுடைய சித்தி பேச்சித்தாய். பெற்றவள் இறந்தபின் தகப்பன் கட்டிக்கொண்டவள். தகப்பன் கேரளாவில் கல்குவாரியில் இருக்கிறான். சித்திக்கு இடது கை ஒடிந்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை, ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் இசக்கியின் முதுகிலும் தொடையிலும் நீலம் நீலமாக இருப்பதை டீச்சர் பார்த்து யாரிடமோ சொல்லியிருக்கிறார். மாற்றாந்தாய் அடித்துக் கொல்கிறாள் என்று ஊர் கூடிவிட்டது. பேச்சியை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். ஆண்கள் கம்பால், பெண்கள் விளக்குமாற்றால். நடுவில் ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தாராம், அவளுக்கல்ல, அடித்தவர்களுக்கு. சித்தி சித்தி என்று கத்திய பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் கொட்டவும்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

இசக்கியின் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. களை மூடிய வயல். ரத்தப் புற்று.

கூட வந்திருந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் வராந்தாவில் நின்றார்கள். “அந்தப் பிள்ளைய யாரும் அடிக்கல. நோய். அந்த நோய் இருந்தா அடிக்காமலே ஒடம்பு இப்படித்தான் கன்னிப்போகும்” என்றேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். “அப்படியாம்மா? எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். இன்னொருவர் இங்கே டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நாலு பேரையும் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது. கத்தினேன். காவலாளி ஓடிவந்து என்னைத்தான் சமாதானப்படுத்தினான்.

ஊர்க்காரர்கள் மேல் வழக்கு இல்லை. பேச்சியின் மேல் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இசக்கியின் இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்தேன். மரத்துப்போக மருந்து போட்டும் சிறுபிள்ளைகள் அந்த ஊசியை உணர்கிறார்கள். எலும்பைத் துளைக்கும்போது கையில் ஒரு நெறுக்கென்ற சத்தம் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளை நாலு பேர் அமுக்கிப் பிடிக்கக் குத்தியிருக்கிறேன். நானும் அடிக்கிற சாதிதான், வலித்த பின்னால் காரணம் சொல்லத் தெரிந்தவள்.

பேச்சி நல்ல கையால் பிள்ளையின் தலையைத் தன் மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வைப் பற்றி விளக்கினேன். மெதுவாகத் தொடங்கும் மருந்து, இசக்கிதான் முதல் பிள்ளை, வேண்டாம் என்றால் வழக்கமான முறையிலேயே செய்வோம் என்றேன்.

“வேகமாக் குடுத்தா என்ன செய்யும்?”

“சில பிள்ளைங்க தாங்காது.”

“அப்ப மெதுவாவே குடுங்க. வேகமா அடிச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்லா” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். உதடு வீங்கியிருந்ததால் தெரியவில்லை.

தகப்பனிடம் போனில் சம்மதம் வாங்கி, சாட்சி வைத்து, தொடங்கியாயிற்று.

ஜூன் 18, புதன்

நெற்றி. அலமாரிக் கதவு. எங்கள் வீட்டில் கதவுகள் அதிகம்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வார்டுக்குப் போனேன். இசக்கி மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தாள். செவிலியர் ஆறுமுகக்கனி கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கனி, “இங்க பாருட்டி, டாக்டரம்மாக்கும் ரத்தத்துலதான் நோவு. அவுக பொறுக்கல? இத்தனை பேருக்கு வைத்தியம் பாக்கல?” என்றாள்.

இசக்கி என் நெற்றியைப் பார்த்தாள். கட்டிலில் எழுந்து நின்று விரலால் தொட்டாள். “ஒனக்கும் எனக்கு வந்த அதே நோவா?”

கனி கண்ணைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன்.

“முடி கொட்டுமா ஒனக்கும்?”

“கொட்டும்.”

மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டாள். அதுமுதல் தகராறே இல்லை. ஊசி போடும்போது மட்டும் நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். ‘நாங்க ரெண்டு பேரும்’ என்றுதான் பேசுகிறாள்.

மாலையில் பேச்சி வாழையிலைத் துண்டில் மாவிளக்கு மாவைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோவிலில் இரண்டு விளக்கு போட்டிருக்கிறாள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று எனக்கு. ஒடிந்த கையோடு எங்கே மாவு இடித்தாள் என்று கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் தின்றேன். பெரிய பாவியாக உணர்ந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

சங்கரலிங்கம் சார் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, என் கழுத்தை அறுத்தார்.

“எட்வின் காலையில ரொம்ப வருத்தப்பட்டாரும்மா. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம் நீ. இந்த உடம்போட இவ்வளவு பெரிய ஸ்டடி எதுக்கு? சென்னையில மாதவன் இருக்கார். தலைமைய அவர்ட்ட மாத்திருவோம். நீ கூடமாட இரு, போதும்.”

மாதவன் கருத்தரங்கில் முதலில் சிரித்தவர். மெதுவான தொடக்கம் என்பதே கோழைத்தனம் என்று மேடையில் சொன்னவர். அவர் கைக்குப் போனால் அடுத்த வாரமே முழு வீரியம்தான். ஆய்வு செத்தது. இசக்கியின் உடம்பில் இப்போது எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல ஒன்றுமில்லை, அவள் தாங்கமாட்டாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“நீதானம்மா சொன்னே.”

நான்தான் சொன்னேன். என் வாயால் திரித்த கயிறு. அதை எட்வின் எடுத்து என் கழுத்தில் போட்டு, நடைப்பயிற்சிக்கு நடுவே சுருக்கையும் இழுத்துவிட்டார். திங்கள்வரை பொறுக்கும்படி கேட்டேன். சரி என்றார், காபி ஆறுகிறதே என்றார்.

ஜூன் 28, சனி

எட்வினிடம் கேட்டேன், என் வேலையில் ஏன் கை வைத்தீர்கள் என்று.

எட்வின் அடித்தார்.

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியமாகத்தான் இருக்கிறது. இதுவரை கதவு, அலமாரி, குளியலறைத் தரை என்று எவ்வளவு மையைச் செலவழித்திருக்கிறேன். முதலில் கன்னத்தில். பிறகு கீழே தள்ளி இடுப்பிலும் முதுகிலும் காலால். விலா எலும்பு உடையவில்லை, மூச்சிழுத்துப் பார்த்துவிட்டேன். நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கேட்டா பிளேட்லெட்டுன்னு சொல்லு.”

பிறகு பாடகர் குழு ஒத்திகைக்குப் போனார்.

ஜூன் 30, திங்கள்

கனியிடம் கையை நீட்டினேன். “எடு.”

“எதுக்கு மேடம்?”

“எல்லாத்துக்கும். கவுண்ட், உறையற நேரம், ஒண்ணு விடாம.”

பரிசோதனையை என் ஆட்களிடம் விடாமல் கீழ்த்தளத்துப் பொது ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மதியம் முடிவு வந்தது. பிளேட்லெட் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். மற்ற எல்லாம் அச்சில் வார்த்ததுபோல. இவ்வளவு ஆரோக்கியமான ரத்தத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அதை எடுத்துக்கொண்டு சங்கரலிங்கம் சாரிடம் போனேன்.

அவர் படித்தார். சந்தோஷப்பட்டார். பிறகுதான் உறைத்தது, பாவம். “நார்மலா இருக்கே. அப்போ இந்தக் காயமெல்லாம்?”

“எட்வின் அடிச்சது சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அதே தாளைப் படித்தார், அதில் வேறு ஏதாவது நோய் கிடைக்காதா என்பதுபோல.

“நம்ம எட்வினா?”

“நம்ம எட்வின்தான்.”

“நான் பேசிப் பாக்கேம்மா.”

“பேசாதீங்க சார். ஸ்டடிய மட்டும் எங்கிட்ட விடுங்க.”

“ஒரு வார்த்தை பேசினா சரியாப் போயிரும்மா. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும்ல அசிங்கம்?” ஆய்வைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். நோயாளியாக இருந்தபோது காபி கிடைத்தது, அடிபட்டவளானதும் அதுவும் இல்லை.

வீட்டுக்குப் போகவில்லை. கனியின் விடுதி அறையில் பாய் விரித்திருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

இசக்கியிடம் சொன்னேன். சொல்லாமல் அந்த மாவு செரிக்காது.

“எனக்கு அந்த நோவு இல்லம்மா. பொய் சொல்லிட்டேன்.”

“முடி கொட்டாதா ஒனக்கு?”

“கொட்டாது.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரையைத் தொடவில்லை. பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பொறவு யாரும்மா?” என்றாள்.

“வீட்டுக்காரரு.”

“ம்” என்றாள்.

இசக்கி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “எங்க ஊரு ஆளுங்கள்ட்ட சொல்லு. போஸ்ட்ல கட்டிவச்சி அடிப்பாவ.”

“ஆம்பளைய அடிக்க அவுக வரமாட்டாவட்டி. சும்மா கெட” என்றாள் பேச்சி. சொல்லிவிட்டு மாத்திரையைத் தேன் தொட்டு அவள் வாயில் போட்டாள். பிள்ளை விழுங்கியது. எனக்காக அல்ல.

ஜூலை 4, வெள்ளி

சங்கரலிங்கம் சார் பேசிப் பார்த்துவிட்டார். அதன் பலன் பதினோரு மணிக்கு வார்டு வராந்தாவில் வந்து நின்றது, சலவைச் சட்டையோடு, கையில் ஆப்பிள் பையோடு. சார் பின்னால் நின்று, ஆகட்டும் என்பதுபோல் எனக்குத் தலையாட்டினார்.

“வீட்டுக்கு வா ஹெலன்” என்றார் எட்வின். கனத்த, இனிமையான குரல். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். “உடம்பு சரியில்லாதவ, பாத்துக்கிடணும்லா” என்று அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்.

“என் உடம்புக்கு ஒண்ணுமில்ல. பிளேட்லெட் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். சாரும் பாத்தாச்சி. நீங்க அடிச்சதுதான் எல்லாம்.”

வராந்தா முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். எட்வின் ஆப்பிள் பையைப் பெஞ்சில் பத்திரமாக வைத்தார். வைத்துவிட்டு அறைந்தார். காதில் ரீங்காரம். இரண்டாவது அறைக்குச் சுவரில் மோதினேன். முடியைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்தார், குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி ஒன்று என்மேல் சரிந்தது. “எட்வின், எட்வின்” என்று கூப்பிட்டார் சங்கரலிங்கம் சார், பந்தி பரிமாறும் இடத்தில் ஆளைக் கூப்பிடுவதுபோல. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். குடும்ப விஷயம் என்று யாரோ சொன்னது கேட்டது.

பேச்சி கஞ்சி வாங்கப் புறப்பட்டவள், கையில் எவர்சில்வர் தூக்குவாளி. நடந்து வந்தாள், ஓடிக்கூட வரவில்லை. வாளியை வீசி எட்வினின் நெற்றியில் அடித்தாள். அவர் என் முடியை விட்டார். இன்னொன்று, காதோரம். உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது, நாலாவது. அந்த மனிதர் சலவைச் சட்டையில் ரத்தம் சொட்ட, “இவ என்ன அடிக்கா, அடிக்கா” என்று எல்லோரிடமும் முறையிட்டார். நான்தான் எழுந்து போய் அவளைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் தாமதமாக.

ஜூலை 5, சனி

எட்வின் கீழே அறுவைப் பிரிவில் இருக்கிறார். ஆறு தையல், நெற்றி நீலம் பாரித்திருக்கிறது. பேச்சியின் மேல் புகார் கொடுத்திருக்கிறார். என் மேலும், ஆள் வைத்து அடித்ததாக. நானும் எழுதிக் கொடுத்தேன், இதுவரை நடந்தது எல்லாவற்றையும்.

இன்ஸ்பெக்டர் துறை அறையிலேயே உட்கார்ந்து விசாரித்தார். “ஒங்களுக்கு ரத்தத்துல நோய், தொட்டாலே கன்னிப்போகும்னு ஒங்க வீட்டுக்காரர் சொல்லுதாரு. சர்ச்லகூட ஜெபம் பண்ணாங்களாமே.” பரிசோதனை முடிவைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். “நேத்து மொதல்ல கை நீட்டினது யாரு? பாத்த ஆள் இருக்கா?”

நான் சங்கரலிங்கம் சாரைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எதையும் பார்க்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. “அது வந்து, ஒரே கூட்டமா இருந்தது” என்று தொடங்கினார். நிறுத்தினார். நான் குறுக்கே பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், இந்த முறை துடைக்கவில்லை.

“எட்வின்தான் அடிச்சாரு. நான் ரெண்டடி தள்ளி நின்னேன். நான்தான் அவரக் கூட்டிட்டும் வந்தேன். எழுதிக்கிடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “மாதவன்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நீயே பாரு” என்றார். கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அழுகை வந்தது, இன்ஸ்பெக்டர் முன்னால் அழப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்துப் பேச்சியைக் கூப்பிட்டார்கள். இசக்கியும் கூடவே வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்துப் படித்தார்.

“பிள்ளைய அடிச்சதா ஒங்க ஊர் ஸ்டேஷன்ல ஏற்கெனவே ஒரு கேஸ் கெடக்கு. இப்ப இங்க ஒண்ணு. இந்த மனுஷனுக்கும் ஒனக்கும் என்னம்மா சம்பந்தம்? எதுக்கு இந்த அடி அடிச்சே?”

பேச்சி யோசித்தாள். பல் போன இடத்தில் நாக்கு ஒருமுறை போய்வந்தது.

“யாரையும் அடிக்காமலே அடிச்சவன்னு பேரு வாங்கிட்டேன். கையும் ஒடிஞ்சி பல்லும் போயாச்சி. வாங்குன அடிக்கு ஒருத்தனையாவது அடிச்சிருக்கணும்லா சார்.”